சிக்னல் அறுந்துபோகும் இடம்

பார்குவாவிலிருந்து சக்காவோவுக்கு அரைமணிப் படகு.
லாரிக்கு ஒரு சீட்டு, பஸ்ஸுக்கு ஒரு சீட்டு,
சவப்பெட்டி ஏற்றிய வண்டிக்கும் உண்டு.
சிலேயின் இந்த மூலையில்
இருபத்தாறு வருடமாகக் கிழித்துக் கொடுக்கிறேன்.
அதனால் இலவசம் என்ற சொல்லைக் கண்டால்
புருவம் தானாக ஏறும்.

முதல் பாடத்துக்குக் காசு கேட்கவில்லை.
பத்தாவதுக்கும் கேட்கவில்லை.
கட்டணத்தை எங்கே ஒளித்திருக்கிறார்கள் என்று
அடிவரை உருட்டிப் பார்த்தேன்.
பின்னங்கள்தான் கிடந்தன.

ஐம்பத்தொரு வயதில்
பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது
ஆள் பார்க்காத இடத்தில் செய்யவேண்டிய காரியம்.
எஞ்சின் அறைக்குப் பின்னால்,
மழைக்கோட்டின் குல்லாவுக்குள் ஃபோன்.
ஒரு காது பாடத்துக்கு,
மறுகாது கேப்டனின் விசிலுக்கு.

நடத்துபவரின் முகம் எனக்குத் தெரியாது.
ஒரு கரும்பலகை, ஒரு கை, மஞ்சள் சாக்பீஸ்.
மோதிர விரலில் பிளாஸ்திரி,
ஏழாம் பாடத்தில் ஒட்டியது.
பதினொன்றில் இல்லை.
ஆறியிருக்கும்.

சங்கதி என்னவென்றால்
நடுத்தண்ணீரில் சிக்னல் அறுந்துபோகும்.
கை அப்படியே உறைந்து நிற்கும்.
சமம் என்று இரட்டைக்கோடு போட்டாகிவிட்டது,
அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.
கரை வர இன்னும் பன்னிரண்டு நிமிடம்.
முதல் வாரங்களில் காத்திருந்தேன்,
கடற்சிங்கங்களை எண்ணிக்கொண்டு.
ஒருநாள் பொறுமை கெட்டு
சீட்டுக்கட்டின் பின்பக்கத்தில்
அடுத்த வரியை நானே எழுதினேன்.
சக்காவோ வந்தது. கை அசைந்தது.
அவர் எழுதியது வேறு.

மறுநாளும் வேறு.
அதற்கடுத்த நாள், சாய்ந்து அடிக்கும் மழையில்,
எங்கெங்கோ சுற்றிப்போய்
அதே எண்ணில் நின்றேன்.
தண்ணீரைப் பார்த்துக் கத்தினேன்.
கயிறு வீசும் யெர்கோ
யாரோ விழுந்துவிட்டார்கள் என்று
மிதவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

சால்மன் லாரி ஓட்டும் எவரிஸ்டோவுக்கு இயற்பியல்.
ராத்திரி ஓட்டத்தில் காதால் மட்டுமே படித்தவன்.
வெக்டர் என்று வாய் நிறையச் சொல்வான்,
கண்ணால் கண்டதில்லை.
அவன் லாரியின் பின்கதவுச் சேற்றில்
விரலால் ஒரு அம்பு போட்டுக் காட்டினேன்.
"இவ்வளவுதானா?" என்றான்.
கொஞ்சம் ஏமாற்றம்.
பிறகு அவனே நாலு அம்பு போட்டான்:
மீன், ஐஸ், மேடு, பிரேக்.
அவற்றோடே லாரி புவெர்ட்டோ மோன்ட் போயிற்று.
அங்கே கழுவிவிட்டார்களாம்.

கடல் ஏறி இறங்குவதை என் முழங்கால் அறியும்,
இறங்குபலகை எத்தனை செங்குத்தென்று.
அதற்கொரு வளைகோடு இருக்கிறது என்றது
முப்பத்தெட்டாம் பாடம்.
இறங்குபலகையில் பெயின்ட்டால் கோடுகள் போட்டு
நாள் தவறாமல் குறித்தேன்.
முதல் வாரம் கடல் சொன்னபடி கேட்டது.
மூன்றாம் வாரம் பிசகியது.
என் வளைகோடு கடலைவிட ஒழுங்காக இருந்தது,
அதுதான் தப்பு.
நிலாவோடு சூரியனும் இழுக்கிறதாம்,
இரண்டு அலையைக் கூட்டவேண்டுமாம்.
கூட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜலசந்தியில் பாலம் கட்டுகிறார்கள்.
மூடுபனி விலகும் நாட்களில்
தூண்கள் தெரியும், கிரேன்கள் தெரியும்.
பாலம் முடிந்தால் என் சீட்டுக்கட்டு முடிந்தது.
"அப்புறம் இதெல்லாம் எதற்கு, எட்டெல்வினா?"
என்கிறான் யெர்கோ,
என் நோட்டைக் குடைக்குள் பிடித்தபடி.
பதிலுக்கு மில்காவோ ஒன்றைப் பிட்டுப்
பெரிய பாதியை அவனிடம் கொடுத்தேன்.
அந்தக் கம்பிகள் தொங்கப்போகும் வளைவுக்கும்
ஒரு பெயர் இருக்கிறது.
அந்தப் பாடத்துக்கு இன்னும் வரவில்லை.

பாலத்தின் மேல் பஸ்ஸில் போனால்
எட்டாத இடமே இல்லையாம்,
கரையிலிருந்து கரைவரை சிக்னல் அறுந்துபோகாதாம்.
அது ஒன்றுதான்
கொஞ்சம் பயமாக இருக்கிறது.